கொழுப்பு

பத்திரகாளி தரையில் உட்காரும்போது, சரம் பின்னுகிற ஷெட்டில் எல்லோருடைய கையும் ஒரு நொடி நிற்கும். முதலில் சுவரில் இடது கையை ஊன்றுவாள். வலது காலை முன்னால் நீட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாக இறங்குவாள். பாதிவரைக்கும்தான் அவள் இறங்குவது. மீதித் தூரம் உடம்பு தானாக இறங்கிவிடும். "ஏ, பாத்து உக்காரு. வெடிமருந்து ரூமு அங்கனதான் இருக்கு" என்று யாராவது ஒருத்தி சொல்வாள். சிரிப்பு எழும். பத்திரகாளியும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் இருந்தால் அடுத்த நாளும் அதையே சொல்வார்கள் என்று நினைத்துத்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாலும் சொல்லத்தான் செய்தார்கள்.

விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி. அங்கே பதினாறு வருஷமாக அவளுக்குச் சரம் பின்னுகிற வேலை. விரல்நுனி அளவு வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து, நூலால் முறுக்கிச் சடைமாதிரி இறக்கிக்கொண்டே போகவேண்டும். காலை மடக்கி உட்கார்ந்தால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திரிப்பது. கல்யாணமாகி வந்த புதிதில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள். மகள் ஆர்த்தி பிறந்து, குடும்பக்கட்டுப்பாட்டு ஆப்பரேசனும் செய்தபிறகு உடம்பு போட ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தபோது எடை மெஷினில் நூற்றி நாலு வந்தது. எழுதிக்கொண்டிருந்தவள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா ஷெட்டுக்கும் அந்த எண் போய்விட்டது.

ஆனால் உடம்புதான் பெருத்ததே தவிர விரல் பெருக்கவில்லை. சரம் பின்னுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. போர்மேன் சங்கிலிமுத்து புதிதாக வருகிற பிள்ளைகளை அவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார். "காளியம்மா கையப் பாத்துக்கோங்க, வாயப் பாக்காதீக" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மற்ற வார்த்தைகளையெல்லாம் தாங்கிவந்தாள்.

அழகுமீனா வந்தபிறகு அதுவும் போனது.

அழகுமீனா அவளுடைய ஓரகத்தி. பத்திரகாளியின் புருஷன் வெள்ளைத்துரைக்குத் தம்பி ராம்குமார். அவன் பெண்டாட்டி. மல்லாங்கிணற்றிலிருந்து வந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. அண்ணனும் தம்பியும் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். அடுப்பு இரண்டு, தண்ணிக் குழாய் ஒன்று. வேலைக்குக் கூட்டிப்போனதும் பத்திரகாளிதான், பக்கத்தில் உட்காரவைத்து நூலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மூன்றாவது வருஷம் பின்னுகிற கணக்கில் அழகுமீனா அவளைத் தொட்டாள். நாலாவது வருஷம் தாண்டிப் போய்விட்டாள். கருவக்குச்சி மாதிரி உடம்பு. காலை மடக்கினால் மடங்கிய இடம் தெரியாது. எழுந்தால் எழுந்த சத்தம் கேட்காது. புதிதாக வருகிற பிள்ளைகளைச் சங்கிலிமுத்து இப்போது அவள் பக்கம் அனுப்பினார்.

பத்திரகாளியின் கண் எந்நேரமும் அழகுமீனாவின் மேலேயே கிடந்தது. கையைப் பார்க்கும். இடுப்பைப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் சாப்பிடுவதைப் பார்க்கும்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் வெள்ளைத்துரை விருதுநகருக்கு லோடு இறக்கப் போய்விட்டு எண்ணெய்ப் புரோட்டா வாங்கி வந்தான். மினிலாரி ஓட்டுகிறவன். இரண்டு குடும்பமும் வாசல் சிமெண்டுத் தரையில் ஒன்றாக உட்கார்ந்தது.

"ஏங்க, இம்புட்டு எதுக்கு வாங்குனீக?" என்றாள் பத்திரகாளி.

"விருதுநகர் போயிட்டு வெறுங்கையோட வரச் சொல்றியா? மீனாவுக்கு வையி, அது ரெண்டுதான் எடுத்திருக்கு."

"போதும் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே அழகுமீனா மூன்றாவதை வாங்கிக்கொண்டாள். நாலாவதையும் வாங்கிக்கொண்டாள். சால்னாவில் முக்கி, விரலைச் சூப்பி, நிதானமாகத் தின்றாள். எண்ணெய் அவள் முழங்கைவரை வழிந்தது. முழங்கையில் எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இந்த நாலு புரோட்டாவும் இந்த உடம்பில் எங்கே போய் ஒளியப்போகிறது என்று பத்திரகாளி பார்த்தாள். அவள் இரண்டே இரண்டு எடுத்து, இரண்டாவதில் பாதியை ஆர்த்தியின் இலையில் தள்ளினாள்.

"நீ ஏன் காளி பிச்சு வைக்க? தின்னு. நீ தின்னாமக் கெடந்து என்னைக்கு எளைச்ச?" என்றான் வெள்ளைத்துரை.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ராம்குமார் சிரித்தான். ஆர்த்தி குனிந்துகொண்டாள். அழகுமீனா மட்டும் சிரிக்காமல், "அக்கா காலையிலயும் ஒண்ணும் சாப்பிடல அத்தான்" என்றாள். அந்தப் பரிவுதான் பத்திரகாளிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கசந்தது.

அந்த மாதக் கடைசியில்தான் காலில் முதல் தடிப்பு வந்தது. இடது கெண்டைக்காலுக்குக் கீழே, உள்பக்கமாக. நெல்லிக்காய் அளவு, தொட்டால் சுட்டது. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் அது பரவிச் சிவந்து, உள்ளங்கை அகலம் ஆனது. பிறகு வலது காலிலும் வந்தது. தோலுக்கு அடியில் யாரோ பலகை வைத்துத் தைத்தமாதிரி இறுகியது. சேலை உரசினால்கூட வலித்தது. ரோட்டோரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினாள். "செப்டிக்" என்று ஊசி போட்டார்கள். மறுபடியும் போனாள், மறுபடியும் ஊசி. ஆறு தடவை போட்டும் கால் அப்படியேதான் இருந்தது.

வீட்டில் காட்டவில்லை. உள்பாவாடையைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். ஷெட்டில் காலை மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தாள். வலி தாங்காமல் அடிக்கடி எழுந்து நின்றாள். "நிக்கிறதப் பாரு, நாட்டாமை கணக்கா. கொளுப்பெடுத்துப் போச்சு காளிக்கு" என்றாள் ஒருத்தி. சொன்னவளுக்கு அது வெறும் பேச்சு. பத்திரகாளிக்குத் தன் உடம்பில் இருப்பதைத்தான் அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று தோன்றியது.

அழகுமீனாதான் முதலில் கேட்டாள். வேனில் திரும்பி வரும்போது, "அக்கா, காலுக்கு என்ன? விந்தி விந்தி நடக்கீக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க பாப்போம்."

"ஒண்ணுமில்லன்னு சொன்னா விட மாட்டியா? ஒன் வேலையப் பாரு."

அழகுமீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேனுக்கு வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரிக் கருவேல மரங்களின்மேல் இறைத்துக்கொண்டிருந்தது.

ஆர்த்தி பத்தாம் வகுப்பு. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பத்திரகாளி லீவு சொல்லி, சுங்குடிச் சேலையைத் தேய்த்து வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளுக்கு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மகள் குரல் கேட்டது.

"சித்தி, நாளைக்கு நீங்க வாங்களேன்."

"ஏன், அம்மா லீவு போட்டுருச்சே?"

"அம்மா வேணாம் சித்தி. போன தடவை வந்தப்போ பெஞ்சுல உக்காந்து எந்திரிக்க முடியாம... எல்லாரும் சிரிச்சாளுக. நீங்க வந்தா நல்லாருக்கும்."

"ஏட்டி, அப்படியெல்லாம் பேசப்பிடாது. பெத்தவ போகணும்."

"ப்ளீஸ் சித்தி."

பத்திரகாளி கையிலிருந்த சட்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அழகுமீனா மறுத்துத்தான் பேசினாள், அது அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் மனசில் தங்கியது "நீங்க வந்தா நல்லாருக்கும்" என்பது மட்டும்தான். மறுநாள் காலையில், "தலை வலிக்கு, நான் போகல. ஒன் சித்தியக் கூட்டிட்டுப் போ" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். ஆர்த்தியின் முகத்தில் வந்த நிம்மதியை அவள் ஒளிந்திருந்து பார்த்ததுபோல் பார்த்தாள். அழகுமீனா ஒரு பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து பஸ் ஏறினாள். பின்னாலிருந்து பார்த்தால் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தது.

அழகுமீனாவிடம் ஒரு சின்ன பட்டன் போன் இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவள் அதைச் சாப்பாட்டுப் பையில், தூக்குவாளிக்குக் கீழே துணி மடிப்பில் வைத்து ஒரு வாரமாகக் கொண்டுவந்தாள். மதியம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்துப் பார்ப்பாள். "யாருட்டயும் சொல்லிராதீக அக்கா, ரெண்டு மூணு நாளுதான்" என்று பத்திரகாளியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். எதற்கு என்று பத்திரகாளி கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு மறுநாள் காலையில் பத்திரகாளி சங்கிலிமுத்துவைத் தேடிப் போனாள். அவர் லேபிள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு காளியம்மா."

"நம்ம ஷெட்டுல போன் வருது."

அவர் எண்ணுவதை நிறுத்தினார். "யாரு?"

சொன்னாள். எந்தப் பை, எந்த மடிப்பு என்றும் சொன்னாள். மருந்து இருக்கிற இடம், ஒரு பொறி போதும், இருபது உசிரு இருக்கு என்றெல்லாம் அவளே எடுத்துச் சொன்னாள். அவ்வளவும் உண்மை. அதுதான் அவளுக்குத் தைரியம்.

சங்கிலிமுத்து நேரே ஷெட்டுக்கு வந்தார். வாசலில் மாட்டியிருந்த அழகுமீனாவின் பையை இறக்கிக் கையை விட்டார். போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். பின்னாலேயே அழகுமீனா ஓடினாள். ஷெட்டிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே போனதும் அவர் கையிலிருந்த போன் அடித்தது.

"அண்ணாச்சி, அதை மட்டும் எடுத்துப் பேசிக்கிடுதேன். ஒரே ஒரு போனு. பெறகு என்னைய என்ன வேணாலும் செய்யுங்க."

"இருபது பேரு தாலியறுக்கப் பாத்தியே, போனா பேசணும் ஒனக்கு? சீசன் முடியிற மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகுதான் அதை அவள் கையில் கொடுத்தார். அழகுமீனா வெயிலில் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்றைக்குப் பத்திரகாளிதான் ஷெட்டில் அதிகம் பின்னினாள். சாயங்காலம் கையைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். கால்தான் தெறித்தது.

வீட்டில் ராம்குமார் கத்தினான். "எவளோ போட்டுக் குடுத்துருக்கா மதினி. யாருன்னு தெரிஞ்சா நாக்க அறுக்கணும்" என்று பத்திரகாளியிடமே வந்து சொன்னான். அவள் அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "சரி விடு, அவளும் கொண்டுபோயிருக்கக் கூடாதுல்ல" என்றாள். அழகுமீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பத்திரகாளி எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகுதான் நடந்தது. கம்பெனியை விட்டுப் போன அழகுமீனா வீட்டுக்குள் நிறைந்துவிட்டாள். ஆர்த்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சூடாகச் சீனிப் பணியாரம் இருந்தது. தலை பின்னிவிட ஆள் இருந்தது. மத்தியானம் சாப்பிட வருகிற வெள்ளைத்துரைக்குக் கருவாட்டுக் குழம்பும் கம்மஞ்சோறும் இருந்தது. "மீனா வச்ச குளம்பு காளி, ஒரு வாய் தின்னு பாரு" என்று அவன் கிண்ணத்தை நீட்டினான். பத்திரகாளி ஏழு மணிக்கு வேனில் வந்து இறங்கும்போது, அவள் செய்வதற்கு அந்த வீட்டில் வேலையே மிச்சமிருக்கவில்லை. அழகுமீனா ஷெட்டில் இருந்தவரைக்கும் அவளை மட்டும்தான் பார்த்துப் பொருமினாள். இப்போது வீட்டில் எதைத் தொட்டாலும் அழகுமீனா தொட்டு வைத்ததாக இருந்தது.

அந்த வெறியில் சோற்றை விட்டாள். காலையில் கடுங்காப்பி, மதியம் ஒரு உருண்டை மோர்ச்சோறு. எப்படியும் இளைத்துவிட வேண்டும். ஆவணி பிறந்தபோது நிற்கும்போதே கண் இருட்டியது. கால் மட்டும் இன்னும் கறுத்துச் சிவந்து, பழுக்காத கட்டிமாதிரி காந்தியது. வேனில் வந்த ஒருத்தி கல்லுப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, உப்புப் பொட்டலத்தைச் சூடு தாங்கும் மட்டும் அழுத்தி அழுத்தி வைத்தாள். இறுகிய இடத்தில் சூடே உறைக்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மறுநாள் தோல் கொப்புளித்தது. அதற்கு அடுத்த நாள் வழன்று புண்ணானது. புதன்கிழமை காய்ச்சலில் அவளால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. ஆர்த்தி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு "சித்தி!" என்று அலறினாள்.

தீபாவளிக்கு லோடு ஏறுகிற நேரம். வெள்ளைத்துரை கோயமுத்தூர் போயிருந்தான். அழகுமீனாதான் ஆட்டோ பிடித்து, ராம்குமாரும் அவளுமாகத் தாங்கி ஏற்றி, விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஒரு அம்மா டாக்டர் இரண்டு காலையும் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு கட்டிலோரம் வந்து நின்றார். பக்கத்தில் ஜாஸ்பின் என்கிற நர்ஸ்.

"எத்தனை ஊசி போட்டீங்க?"

"ஆறு போட்டேன்மா. செப்டிக்னு சொன்னாக."

"இப்போ ஒத்தடத்துல புண்ணாகி கிருமி ஏறியிருக்கு. அதுக்கு மருந்து தாரேன், ஆறிரும். ஆனா முதல்ல இருந்தது கிருமி இல்ல. தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல வந்திருக்கிற அழற்சி."

பத்திரகாளிக்கு முகம் சுண்டியது. "எனக்குக் கொளுப்புன்னு ஊரே சொல்லுதும்மா. நீங்களும் அதையே சொல்றீக."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவங்க சொல்ற கொழுப்பு வேற. இது நோய். நீங்க செஞ்ச குத்தம் இல்ல."

டாக்டர் போனபிறகு ஜாஸ்பின் புரியும்படி சொன்னாள். "உடம்பு வெயிட்டு ஒண்ணு. நாள் பூராக் காலை மடக்கி உக்காந்தே இருக்கிறது ஒண்ணு. கால்ல இருந்து ரத்தம் மேல ஏறாமத் தேங்குதுக்கா. அதுல கொழுப்பு உள்ளுக்குள்ளயே காந்தி, வீங்கி, நாளாக நாளாகக் கட்டையா இறுகிரும். அதான் தொட்டா மரம் மாதிரி இருக்கு. சதை எடுத்துப் பாக்க வேணாம்னுட்டாங்க டாக்டர். எடுத்தா அந்த இடம் லேசுல ஆறாது. புண்ணு ஆறுனதும் பட்டைத்துணி வச்சு நல்லா இறுக்கிக் கட்டணும். காலைத் தூக்கி வைக்கணும். நடக்கணும். வெயிட்டை மெதுவா இறக்கணும். பட்டினி கெடந்து இல்ல, சரியா?"

"அக்கா பட்டினிதான் கெடந்தாக" என்றாள் அழகுமீனா.

"நல்ல தங்கச்சி" என்று ஜாஸ்பின் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஐந்து நாள் வார்டில் இருந்தார்கள். ஐந்து நாளும் அழகுமீனாவைத்தான் வார்டே கூப்பிட்டது. எதிர்க் கட்டில்காரிக்குச் சுடுதண்ணி பிடித்துக் கொடுத்தாள். ஜாஸ்பினும் மல்லாங்கிணற்றுப் பக்கம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசினார்கள். படுத்த இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்திரகாளிக்கு, நோயாளியாக இருக்கிற இடத்தில்கூடத் தனக்கு இரண்டாவது இடம்தான் என்று தோன்றியது. அந்த நினைப்புக்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்தாலும் நினைப்பு போகவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டிருந்தது. அழகுமீனா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, துணியை நனைத்தாள். புண்ணுக்கு மேலேயும் கீழேயும் துடைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள்.

"பாக்காதடி" என்றாள் பத்திரகாளி.

"பாக்காம எப்படித் தொடைக்க?"

முழங்காலுக்கு மேலே, வருஷக்கணக்காக யாருக்கும் காட்டாத இடம். தொடையில் மடிப்பு மடிப்பாகக் கிடந்த சதை. மடிப்புக்குள் வேர்க்குருவும் கறுப்பும். அழகுமீனா ஒவ்வொரு மடிப்பாக விலக்கித் துடைத்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அவசரப்படவுமில்லை. பத்திரகாளி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.

"மீனா, போர்மேன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

பத்திரகாளி கண்ணைத் திறந்தாள்.

"அவரு பையத் தேடவே இல்ல அக்கா. தூக்குவாளிக்குக் கீள, மடிப்புக்குள்ள நேரா கைய விட்டாரு. அந்த எடம் ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"தெரிஞ்சுமா கூட வந்த?"

"வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒங்களுக்குக் கால் வலிக்குன்னு ஆடியிலயே தெரியும். இனி நாம எதுக்கு மறுபடி கேக்கணும்னு பேசாம இருந்துட்டேன். கேட்டிருந்தா உப்பு வச்சுப் பொசுக்கியிருக்க மாட்டீக. அதுல எனக்கும் பங்கு இருக்கு." துணியைப் பிழிந்தாள். "ஆர்த்தி அளுதுச்சு. வந்தேன்."

"அன்னைக்கு அந்தப் போனு... யாரு?"

"மதுரை ஆஸ்பத்திரி. பிள்ள உண்டாக வைத்தியம் பாத்தோம்ல, ரிசல்ட் சொல்லக் கூப்பிட்டாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குக்கூட எந்த நாளுன்னு சொல்லாம வச்சிருந்தேன், நல்ல சேதியாச் சொல்லணும்னு." துணியை மறுபடியும் நனைத்தாள். "மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன். கரு நிக்கலையாம். அன்னைக்கு எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாக."

பத்திரகாளி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அழகுமீனா கையைக் கொடுக்கவில்லை. துணியை வாளியில் போட்டாள்.

"என்னைய மன்னிச்சிருடி."

"அதெல்லாம் இப்பக் கேக்காதீக. மனசு ஆறல." குரல் உயரவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லட்டா? நான் ஒண்ணும் நல்லவ இல்ல. ஒங்களப் பாத்து எனக்கு எம்புட்டு நாளு ஆத்தாமையா இருந்திருக்கு தெரியுமா?"

"என்னையப் பாத்தா? இந்த ஒடம்பப் பாத்தா?"

"இந்த ஒடம்பத்தான். நீங்க வந்து நின்னா ஒரு ஆளு வந்து நின்ன மாதிரி இருக்கும். நான் நின்னா கொடியில சேல காயுத மாதிரி இருக்கு. ஒணக்கு, காஞ்ச ஒணக்குன்னு நம்ம மாமியாக்காரி செத்துப்போற மட்டும் சொல்லுச்சு. இந்த ஒடம்புல பிள்ள எங்கன தங்கும்னு கேட்டுச்சு. அதுக்காகத்தான் நாலு புரோட்டா தின்னேன். ஒட்ட மாட்டேங்குது." வாளியை நகர்த்திவைத்தாள். "ஒருநாள் ஆர்த்தி காய்ச்சல்னு எம்மடியில வந்து படுத்துச்சு. எனக்கு உசிரே குளுந்துபோச்சு. ரெண்டு நிமிசந்தான். 'சித்தி, எலும்பு குத்துது'ன்னு எந்திரிச்சு ஒங்க மடிக்குப் போயிருச்சு. ஒங்க மடியில அப்படியே பொதைஞ்சு தூங்குச்சு. அன்னைக்கு ஒங்க மேல வந்த கோவம் இருக்கே, அதை எங்கனயும் சொல்ல முடியாது."

பத்திரகாளி தன் தொடையைக் குனிந்து பார்த்தாள். அதைப் பார்த்து ஒருத்தி ஏங்கினாள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வெளியே யாரோ ஜாஸ்பினைக் கூப்பிட்டார்கள். அழகுமீனா திரையை விலக்கிவிட்டு வாளியைக் கொட்டப் போனாள்.

புரட்டாசியில் நடக்க முடிந்ததும் பத்திரகாளி முதலில் போனது கம்பெனிக்கு. இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் பட்டைக்கட்டு. சங்கிலிமுத்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, மீனாவ வேலைக்குச் சேத்துக்கோங்க. நான் அன்னைக்குச் சொன்னது அவ மேல உள்ள பொறாமையில."

"போன் இருந்தது நெசந்தான?"

"நெசந்தான்."

"பெறகு நீ சொன்னதுல என்ன தப்பு?"

"சொன்னது சரி அண்ணாச்சி. சொன்ன மனசு சரியில்ல."

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு நான் என்ன செய்ய காளியம்மா? மொதலாளிகிட்ட மனசு சரியில்லன்னா சொல்ல முடியும்? சீசன் முடியட்டும், பாப்போம்." பிறகு அவள் காலைப் பார்த்து, "நீயும் இனி தரையில உக்காராத. டாக்டர் சீட்டு இருந்தாக் கொண்டா. பெட்டிக்கு லேபிள் ஒட்டுற எடத்துல பெஞ்சு இருக்கு, கால நீட்டி வச்சுக்கிடலாம்" என்றார்.

ஷெட்டைத் தாண்டி வரும்போது பெண்கள் கூப்பிட்டார்கள். ஒருத்தி வழக்கம்போல் உடம்பைப் பற்றி என்னமோ சொன்னாள். பத்திரகாளி அன்றைக்குச் சிரிக்கவில்லை. நின்று, அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்தாள்.

அழகுமீனாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "எதுக்குப் போய்க் கேட்டீக? நான் அங்க போகப் போறதில்ல" என்றாள். அவள் அதற்குள் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வேலை கேட்டு வைத்திருந்தாள். காலண்டர் சீசன். தாள் அடுக்கிக் கம்பி அடிக்கிற வேலை. நின்றபடியே செய்வது, மேலே ஃபேன் ஓடும், போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளி போனது. ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. பத்திரகாளிக்கு எடை ஆறு கிலோ இறங்கியிருந்தது. தினமும் காலையில் வெம்பக்கோட்டை ரோட்டில் பாலம்வரைக்கும் நடந்துவிட்டு வந்து, கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பாள். வேலைக்குப் போகுமுன் அழகுமீனா வந்து பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பழையமாதிரி ஆகவில்லை. ஆனால் ஒரு நாளும் அவள் வராமல் இருந்ததில்லை.

அன்றைக்குக் காலையில் மழை விட்டு வானம் வெறித்திருந்தது. ஆர்த்தி வாசலில் நின்று, "சித்தி, பஸ்ஸு வந்துரும், வாங்க" என்று கூப்பிட்டாள். அழகுமீனா புதுச் சேலை கட்டியிருந்தாள். தோளில் தோல்பை, காலில் வார்ச்செருப்பு. முகத்தில் பவுடர் லேசாகத் தெரிந்தது. அச்சாபீசுக்குப் போக ஆரம்பித்தபிறகு கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது. குனிந்து கணுக்காலிலிருந்து பட்டையைச் சுற்றிக்கொண்டே வந்தாள். பத்திரகாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? இறுக்கிட்டனோ? கால் எரியுதா?"

"கால் எரியலடி."

"பெறகு?"

பத்திரகாளி அந்தச் சேலையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். வாசலில் காத்துநிற்கிற மகளைப் பார்த்தாள்.

"வயிறுதான் எரியுது" என்றாள்.

அழகுமீனாவின் கை பட்டையில் நின்றது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு பத்திரகாளி முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கட்டின முனையைச் செருகி, ஒரு தட்டுத் தட்டினாள்.

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.